மேலே சாமான், கீழே நாங்கள்

எங்கள் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் முதலில் ஒரு சுவரைத் தாண்ட வேண்டும். கேட் இருந்த இடத்தில் முட்டிக்கு மேல் உயரத்துக்குச் செங்கல் சுவர். வெளியே ஏற ஒரு கருங்கல், உள்ளே இறங்கப் படிகள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டேதான் தாண்டுவார். நான் ரவிக்கை தைக்கிறவள். வயதான வாடிக்கைக்காரர்கள் உள்ளே வருவதையே விட்டுவிட்டார்கள். ரோட்டில் நின்றபடி துணியையும் அளவு ரவிக்கையையும் சுவருக்கு மேலே நீட்டுகிறார்கள். நான் உள்ளே நின்று வாங்கிக்கொள்கிறேன். ஜெயிலில் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி இருக்கும்.

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூரைத் தாண்டி, அடையாற்றை ஒட்டின தெருக்களில் இந்தச் சுவர் அதிசயம் இல்லை. நாங்கள் வீடு கட்டும்போது ரோடு கீழே இருந்தது, வாசல் மேலே இருந்தது. பிறகு ரோடு போட வந்தவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே கொட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு ஏறியது, வீடு இறங்கியது. இப்போது ரோட்டில் போகிறவர்களின் செருப்பு என் முட்டி உயரத்தில் போகிறது. அதனால் எல்லோரும் வாசலில் சுவர் எழுப்பினார்கள். என் வீட்டுக்காரர் எழுப்பியது எல்லாவற்றையும்விட உயரம். உள்ளே கம்பி வேறு வைத்தார். காம்பவுண்டில் மழைத்தண்ணீர் வெளியே போக ஒரு ஓட்டை இருந்தது. தெருத் தண்ணீர் அது வழியாக வரும் என்று அதையும் சிமெண்ட் வைத்து அடைத்தார். உள்ளே விழுகிற தண்ணீரை மோட்டார் போட்டுச் சுவருக்கு மேலே ரோட்டில் ஊற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. கரண்ட் இருந்தால் ஊற்றலாம். மழை நாளில் எந்த ஊரில் கரண்ட் இருக்கிறது?

நிரம்பின ஏரியைத் திறந்துவிட்டு வந்த அந்தப் பெரிய வெள்ளத்தில் எங்கள் வீட்டில் பரண் வரைக்கும் தண்ணீர். பீரோ மல்லாக்க மிதந்தது. நாங்கள் மாடியில் நின்று உயிரோடு இருந்தோம், கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணீர் வடிந்ததும் தெருவே தன் சாமான்களை வாசலில் குவித்தது. லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. அவர் அந்த லாரியின் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் போய், நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டை விட்டு ஒரு பொருளும் வெளியே போனதில்லை. உள்ளே வந்ததுதான்.

அவருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. ஓய்வு பெறும்வரை அங்கே தூக்கிப் போடுகிற தெர்மோகோல், அட்டைப்பெட்டி, மரச்சட்டம் எல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஏறி எங்கள் வீட்டில் இறங்கின. ஓய்வு பெற்ற பிறகு தெரு. போகிக்கு ஊரே பழையதை வெளியே போடும். இவர் விடிவதற்குள் எழுந்து தெருவை ஒரு சுற்று வருவார். திரும்பும்போது கையில் சேர் கால் இருக்கும், சைக்கிள் ரிம் இருக்கும், யாரோ வீட்டுக் குளியலறைக் கதவு இருக்கும். ஓடாத மிக்சிகள், படம் வராத பழைய டிவி, பெயின்ட் வாளிகள், உடைந்த டைல்ஸ், அரசியல்வாதி முகம் கிழிந்த ஃப்ளெக்ஸ். கேட்டால், தூக்கிப் போட்ட மறுநாளே அது வேண்டியிருக்கும் என்பார். அப்படி வேண்டியிருந்தது ஒரே ஒரு தடவை. ஒரு குழாய் மூடி. அந்த மூடியை வைத்து இன்றுவரைக்கும் என் வாயை அடைக்கிறார்.

எங்கள் தெருவில் புரட்டாசி முடிவதற்குள் சாமான் ஏற்றும் வேலை நடக்கும். ஃபிரிட்ஜுக்குக் கீழே ஹாலோ பிளாக், வாஷிங் மெஷினுக்கு இரும்பு ஸ்டாண்டு, அரிசி, துணி, பத்திரம் எல்லாம் பரணில். பொங்கலுக்கு எல்லாவற்றையும் இறக்குவோம். மற்ற ஊரில் பண்டிகைக்கு வெள்ளையடிக்கிற மாதிரி எங்களுக்கு இது. என் தையல் மெஷினும் மூன்று மாதம் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும். நான் ஸ்டூல் போட்டு அதற்கு ஈடாக ஏறி உட்கார்ந்து தைப்பேன். முட்டி போனதற்கு அந்த ஸ்டூலும் ஒரு காரணம், அந்தச் சுவர் ஒரு காரணம்.

போன ஆடி முடிந்ததும் மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தார்கள். கைக்குழந்தையோடு தினம் சுவரேறிக் குதிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. இனிமேல் வாடகைக்கு விட வேண்டாம், நாம் மேலே போய்விடலாம் என்றேன். முன்னறையில் வெளிச்சம் நன்றாக விழும், மெஷினை அங்கே போடலாம், ஏரி திறந்தால் திறக்கட்டும், நாம் பாட்டுக்கு மேலே இருக்கலாம். அவர் சரி என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டு அவர் உடனே சரி என்றது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெருங்களத்தூரில் என் மகள் புதிதாகக் கட்டின அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் இருக்கிறாள். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் எங்கள் மாடி நிறைந்திருந்தது. முன்னறை, படுக்கையறை, சமையலறை மேடைக்கு அடியில், எல்லா இடத்திலும். கீழே இருந்த குப்பை மொத்தமும் மேலே குடி போயிருந்தது. இடம் போதாமல் தெர்மோகோலும் அட்டைப்பெட்டிகளும் மொட்டை மாடிக்கே போய், ஃப்ளெக்ஸ் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். தனி ஆளாக எல்லாவற்றையும் ஏற்றிய களைப்பு, அதில் ஒரு பெருமை.

"சாமான் மேல இருந்தா நாம எங்கங்க இருக்கறது?" என்றேன்.

"எப்பவும் போல கீழதான். நமக்கு நீந்தத் தெரியும், கிரைண்டருக்குத் தெரியுமா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பொங்கல் வரட்டும், இறக்கிவிடலாம் என்றார். எந்தப் பொங்கல் என்று நான் கேட்கவில்லை. மகளிடம் போனில் சொல்லி அழுதேன். நீ இங்கே வந்துவிடு, அப்பா வந்தால் வரட்டும் என்றாள். அவள் மாமியார் மாமனாரும் அதே வீட்டில் இருக்கிறார்கள். அந்த ஹாலில் காலையில் எல்லோரும் எழுவதற்கு முன் என் பாயைச் சுருட்டி வைக்க வேண்டும். எனக்கு ஏன் அந்தத் தலையெழுத்து? எனக்கு வீடு இருக்கிறது. அதில் மாடியும் இருக்கிறது. அங்கே ஓடாத மிக்சி காற்று வாங்கிக்கொண்டு இருக்கிறது, நான் ரோட்டுக்குக் கீழே இருக்கிறேன்.

இன்னொரு விஷயம். மொட்டை மாடியின் மூலையில் மழைத்தண்ணீரைச் சுவர் தாண்டி ரோட்டில் விடுகிற குழாய் இருக்கிறது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நான்தான் மேலே போய் அந்த வாயைச் சுத்தம் செய்வேன். பக்கத்து வீட்டு வாதுமை மரம் இலையை எங்கள் மாடியில்தான் கொட்டும். ஒரு கூடை இலை, காக்காய் போட்ட எலும்பு, பட்டம் விட்ட நூல், எல்லாம் வரும். இந்த வருஷம் அந்த மூலையில்தான் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. நகர்த்தித் தாருங்கள் என்று பல தடவை கேட்டேன். பார்க்கலாம் என்றார். குழாய்க்கு ஒன்றும் ஆகாது, ஃப்ளெக்ஸ் போட்டிருக்கிறேன் என்றார். ஃப்ளெக்ஸ் போட்டால் குழாய் எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது?

கார்த்திகையில் ஒரு நாள் விடாமல் பெய்தது. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கையால் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் சலசலவென்று சத்தம். எங்கள் மாடிப்படி போர்டிகோவுக்குள்ளே இறங்குகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் படி படியாகத் தண்ணீர் குதித்து வந்துகொண்டிருந்தது. பழுப்புத் தண்ணீர். அதில் ஜவ்வரிசி மாதிரி தெர்மோகோல் மணிகள். மொட்டை மாடி குளமாகி, படிக்கதவின் வாசற்படியைத் தாண்டி வழிந்து, மாடி வீட்டைச் சும்மா தொட்டுவிட்டு நேராகக் கீழே எங்களிடம் வந்துவிட்டது. காம்பவுண்டுக்குள் ஏற்கனவே மழை தேங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணெதிரே நடுக்கூடத்துக்குள் நுழைந்தன.

அவர் வாசல் சுவரருகில் குடை பிடித்து நின்றார். ரோட்டைக் காவல் காக்கிறார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ரோட்டுல ஒண்ணுமில்ல, பயப்படாத" என்றார். அப்போது அவர் கணுக்கால் தண்ணீருக்குள் இருந்தது.

உண்மைதான். ரோட்டில் ஒன்றும் இல்லை. மேடான ரோடு, விழுந்த தண்ணீர் வழிந்து போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு வெளிப்பக்கம் வெறும் ஈரம். உள்ளேதான் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே இருந்து ஒரு சொட்டு வரக் கூடாது என்று கட்டின சுவர், உள்ளே இருந்து ஒரு சொட்டு போகவும் விடவில்லை. தெருவில் எல்லோரும் கட்டியிருக்கிறார்கள், ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லை. நாங்கள் தொட்டிக்குள் குடியிருந்தோம்.

ஆளுக்கொரு வாளியை எடுத்து மொண்டு மொண்டு ரோட்டில் ஊற்றினோம். எதிர்வீட்டில் இட்லி மாவு விற்கிறவள் குடையோடு வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, ரோட்ல சொட்டுத் தண்ணி இல்ல, உன் வூட்டுக்குள்ள மட்டும் ஏரி கீது?" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "அண்ணா, நீ ரோட்ட காப்பாத்திட்டண்ணா. கவர்மெண்ட்ல சொல்லி மால போடச் சொல்றேன்" என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் அதிகமாக எரிந்தது. வாளியைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தேன்.

"இன்னா பண்ற? ஒடச்சுட்டு சாயங்காலம் ஏரியத் தொறந்தா எல்லாம் உள்ள வந்துடும்" என்று கையைப் பிடித்தார்.

"எல்லாம்னா எது? சாமான்தான் மேல இருக்கே. கீழ இருக்கறது நாம ரெண்டு பேர்தான்."

கையை விட்டார். நான் ஓங்கி இடித்தேன். பூச்சு பெயர்ந்தது. மறுபடி இடித்தேன். கம்பியில் பட்டு நங்கென்று என் தோள் வரைக்கும் அதிர்ந்தது. அந்த மனிதர் வாழ்க்கையில் உருப்படியாகக் கட்டினது அது ஒன்றுதான். சுண்டைக்காய் அளவுக்குக்கூட ஓட்டை விழவில்லை. அவர் அதைக் குனிந்து பார்த்த பார்வையில் ஒரு திருப்தி தெரிந்தது. அதை நான் மறக்கப் போவதில்லை.

கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு மாடிப்படி ஏறினேன். தண்ணீர் எதிர்த்து வந்தது, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, முட்டி வலியோடு. மொட்டை மாடியில் ஃப்ளெக்ஸ் காற்றில் பிய்ந்து பறந்துகொண்டிருந்தது. அட்டைப்பெட்டிகள் ஊறிக் கூழாகியிருந்தன. அவற்றைத் தூக்கக்கூட முடியவில்லை, அள்ளத்தான் முடிந்தது. அள்ளி ரோட்டில் எறிந்தேன். தெர்மோகோல் தட்டுகளை உடைத்து எறிந்தேன். கீழே மாவுக்காரி, "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்று போகிறவர்களை நிறுத்திக்கொண்டிருந்தாள். மூலைக் குழாய்க்கு வந்ததும் உட்கார்ந்து அதன் வாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். அட்டைக்கூழும் இலையும் சேர்ந்து புட்டு மாதிரி அடைத்திருந்தது. பிடிபிடியாகப் பிடுங்கினேன். கடைசிப் பிடி வந்ததும் குழாய் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தது.

எட்டிப் பார்த்தேன். அவர் ரோட்டில் நின்று நான் எறிந்த தெர்மோகோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கி, சுவருக்கு மேலே கையை நீட்டி, உள்ளே தண்ணீரில் பத்திரமாகப் போட்டார்.

என் கோபம் அங்கேயே நின்றுவிட்டது. இறங்கி மாடி வீட்டுக் கதவைத் தள்ளினேன். உள்ளே ஏதோ சரிந்து கதவை அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. நுழைந்தேன். நிற்க இடமில்லை. பெட்டிகளின் மேல் ஊர்ந்து சமையலறைக்குப் போய் மேடைமேல் ஏறி உட்கார்ந்தேன். ஈரப் புடவையோடு, தலைக்குமேல் அவருடைய ஏதோ ஒரு மூட்டையோடு, என் வீட்டு மாடியில் நான் உட்கார்ந்த இடம் அவ்வளவுதான். அப்படியும் இறங்கிப் போகத் தோன்றவில்லை. இனிமேல் கீழே படுப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அடுத்த நாள் கரண்ட் வந்து மோட்டார் தண்ணீரை இறைத்ததும் மாடி முன்னறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கையில் வந்ததை பால்கனியிலிருந்து காம்பவுண்டுக்குள் போட்டேன். ரோட்டில் போட்டால் மறுபடி பொறுக்குவார், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவர் தடுக்கவில்லை. சண்டையும் போடவில்லை. நான் போடப் போட எடுத்துத் துடைத்துக் கீழ்வீட்டில் அடுக்கினார். நான் படுத்திருந்த இடத்தில் மிக்சிகள் படுத்துக்கொண்டன. நான் மெஷின் போட்டிருந்த ஜன்னலருகில் டிவி. மாவுக்காரியும் அவள் தங்கையும் என் தையல் மெஷினை மேலே தூக்கிக் கொடுத்தார்கள். வெளிச்சம் நான் நினைத்த மாதிரியே நன்றாக இருந்தது.

சிலிண்டரைத் தூக்க ஆள் வரவில்லை. அதனால் சமையல் மட்டும் கீழே. காலையில் இறங்குவேன், அவர் சாமான்களுக்கு நடுவே விட்ட ஒற்றையடிப் பாதையில் நடந்து அடுப்புக்குப் போவேன். சமைத்து அவருக்கு வைத்துவிட்டு என் தட்டோடு ஏறிவிடுவேன். மேலே வந்து படுங்கள் என்று தினம் சொன்னேன். கீழே யாராவது இருக்க வேண்டாமா என்பார். யாருக்காக என்று கேட்டால் மோட்டாரைக் காட்டுவார்.

பிறகு மார்கழி பிறப்பதற்குள் ஒரு நாள் சாயங்காலம் மைக் கட்டின ஆட்டோ வந்தது. ஏரி நிரம்பிவிட்டது, தண்ணீர் திறக்கிறோம், தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகவும். எங்கள் தெரு முழுக்க ஃபிரிட்ஜ் நகர்கிற சத்தம். என் கதவை யாரோ காலால் உதைத்தார்கள். திறந்தால் அவர். கையில் டேபிள் ஃபேன். அவருக்குப் பின்னால் படியில் கீழ்வரைக்கும் சாமான் வரிசையாக நின்றது. சத்தம் போடாமல் எவ்வளவு நேரமாக ஏற்றினாரோ. ஒரு படிக்கு ஒன்று.

"வழிய விடு. தண்ணி வந்துடும்" என்றார்.

"நீங்க வாங்க. அது வேணாம்."

"இதுங்கள வெச்சிட்டு வரேன்."

"இதுங்க உள்ள வந்தா நமக்கு எடம் இருக்காது. நீங்க மட்டும் வாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், காலியாக இருந்த முன்னறையைப் பார்த்தார். அதில் என் பாயும் மெஷினும்தான் இருந்தன. அவருக்கு அது எவ்வளவு வீணான இடமாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

"சரி, இத மட்டும் வெச்சுக்க. நான் கீழயே இருந்துக்கறேன்" என்றார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபேனை வாங்கவில்லை. அவரும் கீழே வைக்கவில்லை. வைக்கக் காலிப் படி இல்லை. கதவுக்கு முன்னால் இருந்த படியிலேயே எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஃபேனை மடியில் வைத்துக்கொண்டார். மழை பிடித்தது. அங்கிருந்து வாசல் சுவர் தெரியும். இந்தத் தடவை ரோட்டில்தான் தண்ணீர். சுவருக்கு வெளியே மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

நானும் வாசற்படியில் உட்கார்ந்தேன். இரக்கப்பட்டு இல்லை. முட்டி வலித்தது.

"டீ இருக்கா?" என்றார் திரும்பாமல்.

"அடுப்பு கீழ இருக்கு. நீங்க வழிய விட்டாதான் நான் எறங்க முடியும்."

அவர் நகரவில்லை. ஃபேனின் கம்பி வலையில் ஒட்டியிருந்த தூசியை விரலால் ஒவ்வொரு கம்பியாகத் துடைக்க ஆரம்பித்தார்.